பாரில் நாடா விரிக்கும் முன்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கீழக்கரைப் பக்கத் தீவு ஒன்றுக்கு, அங்குள்ள பாரை, அதாவது கடலடிப் பவளத் திட்டை, அளக்க இரண்டு மாணவர்களைக் கூட்டிப் போயிருந்தேன். அதில் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தவர், ஐந்தே நிமிடத்தில் தலையைத் தூக்கிக் கத்தினார்: "சார், இங்கதான் பவளம் சூப்பரா இருக்கு. இங்கயே நாடாவப் போட்டுரலாமா?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன் அதே கடலில், அதே உற்சாகத்தோடு, அதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். அந்த உற்சாகத்தில் செய்த தவறுக்குக் கொடுத்த விலை மூன்று வருட உழைப்பு.

எல்லோருக்கும் தெரிந்த தவறுகளை இங்கே எழுதப் போவதில்லை. பவளத்தைக் காலில் மாட்டும் ஃபின்னால் மிதிக்கக் கூடாது, வெயிலில் தண்ணீர் குடிக்க வேண்டும், தனியாக இறங்கக் கூடாது என்பதெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். வனத்துறை அனுமதியும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதி இல்லாமல் இறங்கினால் அதற்குத் தவறு என்று பெயர் இல்லை, குற்றம் என்று பெயர்.

போன வருடம் அளந்த இடத்தைத் தொலைப்பது

இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பவளம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க, பாரில் அதே இடத்தை வருடா வருடம் அளக்க வேண்டும். முறை எளிது. 20 மீட்டர் நாடாவைப் பாறை மேல் நேராக விரித்து, அதன் கீழே வருவதையெல்லாம் சென்டிமீட்டர் கணக்கில் எழுதிக்கொண்டே போக வேண்டும். இவ்வளவு நீளம் மான்கொம்புப் பவளம், இவ்வளவு மணல், இவ்வளவு பாசி, இவ்வளவு செத்த பவளம். இதற்கு ட்ரான்செக்ட் என்று பெயர். முதல் வருடம் நானும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒவ்வொரு ட்ரான்செக்ட் முடிந்ததும் மேலே வந்து, வல்லத்தில், அதாவது எங்கள் படகில், இருந்த ஜி.பி.எஸ். காட்டிய எண்களைக் குறித்துக்கொண்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த எண்கள் வல்லம் நின்ற இடத்தைச் சொல்பவை, நாடா கிடந்த இடத்தை அல்ல. நங்கூரக் கயிறு நீளமானது. காற்று மாறினால் வல்லம் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை வட்டம் சுற்றி வரும். கைக்கருவிக்கென்று சில மீட்டர் பிழையும் உண்டு. இங்குள்ள பார்களோ திட்டுத் திட்டானவை. பத்தடி தள்ளினால் அடர்ந்த பவளம், இன்னும் பத்தடி தள்ளினால் வெறும் மணல்.

இரண்டாம் வருடம் அதே எண்களுக்குப் போய் நாடாவை விரித்தேன். பவளப் பரப்பு, அதாவது நாடாவின் கீழ் பவளம் இருந்த பங்கு, பத்துச் சதவீதப் புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தது. பதறிப் போனேன். காரணம் தேடி வெளிறல் (கடல் சூடேறிப் பவளம் வெளுப்பது), வண்டல், வலை என்று பத்தி பத்தியாக எழுதி ஒரு கருத்தரங்கில் படித்தும் விட்டேன். மூன்றாம் வருடம் அது கிட்டத்தட்ட பழைய அளவுக்கு ஏறியிருந்தது. ஒரே வருடத்தில் அந்த அளவு எப்படி வளரும்? உருண்டைப் பவளமான போரைட்டஸ் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது.

குட்டை உடைத்தவர் வல்லக்காரர். "தம்பி, நானும் மூணு வருசமாப் பாக்குறேன், நீங்க எறங்குறது ஒவ்வொரு வாட்டியும் வேற வேற எடம். மொத வருசம் அந்தப் பள்ளிவாசல் மினாராவும் ஒத்தப் பனையும் ஒண்ணா நேரா தெரிஞ்சுச்சு. இப்பப் பாருங்க." பார்த்தேன். மினாராவுக்கும் பனைக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி. "ஏண்ணே, இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன். "நீங்க கேக்கலயே தம்பி. மெஷின் வச்சிருக்கீங்க, வேணும்னுதான் மாத்துறீங்கன்னு நெனச்சேன்."

அந்த மூன்று வருடத் தரவில் இருந்த ஏற்றமும் இறக்கமும் கடலில் நடந்ததா, நாடா நகர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் வழியில்லை. முழுவதையும் மூட்டை கட்டி வைத்தேன்.

இப்போது செய்வது இது. நாடாவின் இரு முனையிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, நடுவில் ஐந்து மீட்டருக்கு ஓர் ஆணி. செத்த பாறையில் மட்டும்தான் அடிக்க வேண்டும், உயிருள்ள பவளத்தில் கூடவே கூடாது. (தண்ணீருக்குள் சுத்தியலை ஓங்கி அடிக்க முடியாது, வேகமே வராது. குட்டைப் பிடி போட்ட கனமான சுத்தியலால் குத்துவதுபோல அடியுங்கள். கட்டைவிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) கம்பியில் எண் போட்ட பட்டை. ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு எந்தத் திசை என்று திசைகாட்டியில் பார்த்துக் குறிப்பு. இரு முனையையும் சுற்றிப் புகைப்படம். ஜி.பி.எஸ். எண்ணைக் கம்பிக்கு நேர் மேலே நீந்தி நின்று எடுக்க வேண்டும். கடைசியாக, கரையில் எதுவும் எதுவும் நேர்கோட்டில் தெரிகிறது என்று வல்லக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கம்பி வலையில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு போகும், ஜி.பி.எஸ். கடலில் விழும். மினாரா எங்கேயும் போகாது.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் சூழலியலாளர் ஜோசஃப் கானல் 1960களின் தொடக்கத்தில் பாரில் சதுரங்களைக் குறித்து வைத்து, முப்பது வருடம் அதே சதுரங்களைப் படம் எடுத்தார். கலிஃபோர்னியாவின் சேனல் தீவுகளில் 1982 முதல் கெல்ப் காட்டை அதே நிலையான கோடுகளில் எண்ணி வருகிறார்கள். கெல்ப் என்பது குளிர்ந்த கடலில் மரம்போல நிற்கும் பழுப்புப் பாசி. நம் கடலில் அது கிடையாது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் ஆணி அடிக்காமல் வந்தேன்.

அழகான இடத்தில் ஆணி அடிப்பது

ஆணி அடித்தால் மட்டும் போதாது. அந்த மாணவர் கத்திய இடத்தில் அடித்திருந்தால் வேறு வம்பு வந்திருக்கும். எந்தப் பாரிலும் பவளம் ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் இறங்கும். உச்சத்தில் இருக்கும் இடமாகப் பொறுக்கிக் கம்பி நட்டால், அங்கிருந்து அதற்கு இறங்க மட்டும்தான் வழி இருக்கிறது. பார் முழுக்க ஒன்றுமே ஆகாவிட்டாலும் உங்கள் வரைபடம் கீழேதான் போகும். நீங்களும் 'அழிவு' என்று தலைப்பு வைப்பீர்கள்.

கிளம்பும் முன்பே, கரையில் வைத்து, வரைபடத்தில் கட்டம் போட்டுச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். சீட்டு மணலில் விழுந்தால் அங்கேயே அளக்க வேண்டும். மாணவர் முகம் சுருங்கத்தான் செய்யும்.

வெள்ளை என்றால் செத்தது இல்லை

வெளிறிய பவளத்தில் உயிர் இருக்கிறது. உள்ளே குடியிருந்த பாசிதான் வெளியேறியிருக்கிறது. கிட்டத்தில் போய்ப் பாருங்கள், கண்ணாடிபோன்ற தசை தெரியும். செத்திருந்தால் கொஞ்ச நாளிலேயே மேலே மயிர்ப்பாசி படர்ந்து வெள்ளை மங்கிவிடும். 2016 போன்ற வெளிறல் வருடத்தில் இரண்டையும் குறிப்புத் தாளில் ஒரே கட்டத்தில் எழுதினால், பின்னால் எவ்வளவு தேறியது என்று சொல்லவே முடியாது.

'பாறை' என்று எழுதுவது

பாரில் வெறும் பாறை என்பது அபூர்வம். இளஞ்சிவப்புச் சாயம் பூசியதுபோல இருந்தால் அது சுண்ணாம்புப் பாசி. பல பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டுவது அதில்தான்.

மார்ச்சையும் அக்டோபரையும் ஒப்பிடுவது

வேண்டாம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடங்கும்வரை இந்தப் பக்கம் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். கட்டக்கோரை என்ற பழுப்புக் கடற்பாசி ஒரு பருவத்தில் பவளத்தை மூடி நிற்கும், இன்னொரு பருவத்தில் அறுந்து போயிருக்கும். பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்டால் எந்த மாதம் எந்தப் பாசி என்று சொல்லிவிடுவார்கள்.

எண்ணிக்கையை மட்டும் எழுதுவது

இதைக் கற்றுக்கொண்டது கலிஃபோர்னியாவின் மான்டெரே பக்கம், கெல்ப் காட்டில், பல் கிட்டிக்கும் குளிரில். சதுரச் சட்டத்துக்குள் ஊதா நிறக் கடல் முள்ளெலிகளை எண்ணிப் பெருமையோடு எழுதிக்கொண்டிருந்தேன். அவை இடுக்கில் இருக்கின்றனவா, வெளியே திரிகின்றனவா என்று கூட வந்தவர் கேட்டபோது விழித்தேன். அறுந்து விழும் கெல்ப் தேவைக்குக் கிடைத்தால் முள்ளெலி இடுக்கை விட்டு வராமல் அதையே தின்றுகொண்டிருக்கும். கிடைக்காவிட்டால் வெளியே வந்து, நிற்கும் கெல்ப்பை அடியோடு கத்தரிக்கும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் பொட்டல். வடக்குக் கலிஃபோர்னியாவில் 2013 முதல் நட்சத்திர மீன்கள் நோயில் மடிந்தன, அடுத்து வெப்ப அலை வந்தது. முள்ளெலிகளைத் தின்ன ஆளில்லாமல் போய், அந்தக் கரையின் கெல்ப் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சில வருடங்களிலேயே போய்விட்டன. பொட்டலில் பட்டினி கிடக்கும் முள்ளெலியை உடைத்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. ஆனாலும் அது வருடக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும், முளைத்து வரும் கெல்ப்பைத் தின்னும்.

ஒரே ஒரு பென்சில்

மிதந்து போய்விடும். இரண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

பழைய டூத் பிரஷ்ஷை மறப்பது

அடுத்த வருடம் போகும்போது எண் பட்டை மேல் பாசியும் சிப்பியும் ஏறி, பட்டை எது பாறை எது என்றே தெரியாது. தேய்த்தால்தான் எண் தெரியும். அந்த மாணவர் போன மாதம் பையிலிருந்து புத்தம் புதிய பிரஷ் ஒன்றை எடுத்துக் காட்டினார், உறைகூடப் பிரிக்கவில்லை. சீட்டில் விழுந்த இடம் பாதிக்கு மேல் மணல்.