செகண்ட் ஹேண்ட் டீசல் பிக்கப் வாங்கும்போதே மைலேஜைப் பார்த்துவிடுங்கள்

பழைய பொலிரோ பிக்கப்போ தோஸ்த்தோ வாங்கப் போகிறீர்களா? "லிட்டருக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் கொடுக்கும் சார்" என்று புரோக்கர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் கொஞ்சம் பாரம் ஏற்றி மேட்டில் ஓட்டுங்கள். கரும்புகையைத் தொடர்ந்து கக்கினால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கும், இல்லையென்றால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் தேய்ந்திருக்கும். முதல் இரண்டும் சின்னச் செலவு, இன்ஜெக்டர் என்றால் விலையில் கழித்துப் பேசுங்கள். டாப் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா, கிளட்ச் போய்விட்டது.

பலர் விட்டுவிடுவது பிரேக். சமதளத்தில் நியூட்ரலில் விட்டு ஓர் ஆள் தள்ளினால் வண்டி நகர வேண்டும். ஓட்டி நிறுத்தியதும் நான்கு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள் (தொட வேண்டாம், சுடும்), ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, டீசல் அங்கேதான் கரைகிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதிக்கு ஏற்ற) வண்டி என்றால் டிபிஎஃப் (சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிகிறதா பாருங்கள். ஊருக்குள் மட்டுமே ஓட்டிய வண்டியில் புகைக்கரி அடைத்து, அதை எரிக்கவே கூடுதல் டீசல் போகும்.

வாங்கியதும் எல்லா ஃபில்டரையும் மாற்றி, ஏற்றும் பாரத்துக்கு ஏற்ற காற்று அடித்து, வீல் அலைன்மென்ட் பாருங்கள். கமான் பட்டை கூட்டிப் பெரிய டயர் மாட்டியிருந்தால் மீட்டர் ஓடிய தூரத்தைக் குறைவாகவே காட்டும், மைலேஜ் கணக்கு போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.