அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, வெண்டை வளர்ப்பவரா? அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குப் போகலாம். ஏர்கானிலிருந்து சொட்டும் நீரும் ஆகும். அதில் சத்து எதுவும் இல்லை என்பதால் உரம் தனியாகப் போடுங்கள்.

சோப்புத் தண்ணீர்தான் வில்லங்கம். சலவைத்தூளில் உள்ள சோடியம் சேரச் சேர மண் இறுகிவிடும். ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், இலையோரம் கருகும். கடைசி அலசல் தண்ணீரை மட்டும் பூச்செடிக்கு விடலாம், அதுவும் நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி. கோழி, மீன் கழுவியதும் குழந்தைத் துணி அலசியதும் வேண்டவே வேண்டாம்.

"கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் புதுநீரையே குடிக்கிறோமே, இதற்கென்ன?" என்பார்கள். 2003 முதல் வரும் புதுநீர் நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதாக்கதிர் எல்லாம் தாண்டி வருகிறது. நம் வாளி எதையும் தாண்டவில்லை!

பிடித்த தண்ணீரை அன்றே ஊற்றிவிடுங்கள். வைத்தால் நாறும், டெங்கிக் கொசுவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தொட்டியடித் தட்டையும் கவிழ்த்துவிடுங்கள். இலையில் படாமல் வேரோரம் ஊற்றுங்கள். பச்சையாகத் தின்னும் புதினா, கொத்தமல்லிக்குக் குழாய்த் தண்ணீர்தான்.

ஊரில் வயலுக்குக் கழிவுநீர் பாய்ச்சுகிறார்களா? சொட்டுநீராக விடுவது, அறுவடைக்குச் சில நாள் முன்பே நிறுத்துவது, விளைந்ததை நன்கு கழுவிச் சமைப்பது: உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி சொல்வது இவற்றைத்தான். வயலில் இறங்குபவர்களுக்குப் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.