ஸாய் குழி விவசாயம்: எருவை அளக்காமல் குழி வெட்டாதீர்கள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் வடக்கே யாத்தெங்கா பகுதியில், 1970களிலும் 80களிலும் வந்த வறட்சிகளுக்குப் பின் ஏராளமான நிலம் மேல்மண்ணை இழந்து கட்டாந்தரையாகிவிட்டது. பெய்யும் மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும். மொரே மொழிக்காரர்கள் அந்த நிலத்தை 'ஸிப்பெலே' என்பார்கள். அதில் சோளமும் கம்பும் எடுக்க, பழைய குழி முறையை அங்குள்ள விவசாயிகள் செம்மைப்படுத்தினார்கள். அதுதான் 'ஸாய்'. அவர்களில் யாக்கூபா சவடோகோவுக்கு 2018இல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. பக்கத்து நாடான நைஜரின் இல்லேலா வட்டாரத்து விவசாயிகள் 1989இல் யாத்தெங்காவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய், தங்கள் ஊரிலும் தொடங்கினார்கள்.

வெயில் காலத்தில் குழி வெட்டி, எரு போட்டு, மழை வந்ததும் விதைப்பது, கேட்க எளிது. கெட்டுப்போவது பெரும்பாலும் கணக்கில். நிலம் எவ்வளவு என்று பார்த்துக் குழி வெட்டுகிறார்கள். எரு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 80 செ.மீ. இடைவெளியில் வெட்டினால் ஹெக்டேருக்குச் சுமார் 15,600 குழி வரும். குழிக்கு இரண்டு கை அள்ளல், அதாவது சுமார் 300 கிராம் என்றாலும் 4.7 டன் எரு வேண்டும். நாலு ஆடும் ஒரு கழுதையும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது கிடைக்கவே கிடைக்காது. குழி வெட்ட மட்டும் ஹெக்டேருக்கு 300 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அவ்வளவு உழைத்துவிட்டு எரு இல்லாத குழியில் விதைப்பது வீண். தண்ணீர் நிற்கும், பயிர் சோர்ந்தே கிடக்கும். கைவசம் ஒரு டன் எரு இருந்தால் 3,300 குழி போதும். அது அரை ஏக்கருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

எருவும் மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணமும் அரைகுறையாக மக்கிய தட்டையும் (காய்ந்த பயிர்த்தண்டு) போட்டால், அவை மட்குவதற்கே மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளாகும். எரு போட்டதும் மேலே மெல்லிசாக மண் தூவி மூடுங்கள். மூடாவிட்டால் முதல் பெருமழையே அதை அடித்துக்கொண்டு போய்விடும். மழைக்கு முன்னால் கரையான் வந்தால் பதறி மருந்து தெளிக்க வேண்டாம். எருவைத் தேடி வரும் கரையான்கள் இறுகிய மண்ணில் வழி துளைப்பதால்தான் நீர் ஆழமாக இறங்குகிறது. இந்த முறையில் பாதி வேலை அவற்றுடையது.

குழியின் அளவு 20 முதல் 40 செ.மீ. அகலம், 10 முதல் 20 செ.மீ. ஆழம். அதைவிட ஆழமானால் சத்தில்லாத அடிமண் மேலே வரும், நாற்று மூழ்கும். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் போட வேண்டும்; மேல்பக்கம் போட்டால் குழிக்கு வர வேண்டிய தண்ணீரை நாமே மறித்ததாகும். வரிசைகளை நேருக்கு நேராக வைக்காமல், மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் இந்த முறையே வேண்டாம்; குழி தூர்ந்துபோகும். ஆண்டுக்கு 800 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடத்திலும், தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் வேர் அழுகும். நீர் தேங்குவதைக் கம்பு தாங்காது, சோளம் ஓரளவு தாங்கும்.

சரிவான நிலத்தில் குழி மட்டும் போதாது. குறுக்கே கல்வரிசை வேண்டும். இங்கே நடக்கும் பெரிய தவறு, கண்மதிப்பில் கோடு போடுவது. சரிவு கண்ணுக்கே தெரியாத அளவு குறைவாக இருப்பதால் கண் ஏமாற்றும். கோடு ஓரிடத்தில் சற்றுத் தாழ்ந்தாலும் தண்ணீர் எல்லாம் அங்கே கூடி, கல்லைத் தள்ளி, ஓடை அறுத்துவிடும். நம் ஊர்க் கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் லெவல்தான் அங்கும் கருவி: அளவு குறித்த இரண்டு கம்பங்கள், அவற்றில் கட்டிய தண்ணீர் நிரம்பிய தெளிவான குழாய். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய். கோடு குறித்த பின் 10 செ.மீ.க்குச் சால் வெட்டிப் பெரிய கற்களைப் பதித்து, இடைவெளியில் சின்னக் கல் வையுங்கள். சுவர் போல் அடைத்துவிடாதீர்கள். கல்வரிசை தண்ணீரை நிறுத்த அல்ல. அதன் வேகத்தைக் குறைத்து, பரப்பி, கசிய விடத்தான். வேலையைச் சரிவின் மேலிருந்து தொடங்க வேண்டும். கீழே முதலில் கட்டினால், மேலிருந்து தடையின்றி வரும் வெள்ளம் அதை ஒரே மழையில் உருட்டிவிடும்.

குழிக்குப் பத்துப் பதினைந்து கம்பு விதை போட்டு, இரண்டு மூன்று வாரத்தில் பயிர் களைந்து, இரண்டு மூன்று செடி மட்டும் விடுங்கள். முளைத்ததைப் பிடுங்க மனம் வராதவர்களின் வயலில், இருக்கும் கொஞ்சம் ஈரத்துக்கு எல்லாச் செடியும் அடித்துக்கொண்டு கதிர் சிறுத்துப் போகும். ரசாயன உரம் போடுவதானால் குழிக்கு ஒரு சோடா மூடி அளவு, சுமார் 4 கிராம் என்பிகே (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் கலந்த உரம்) போதும். விதையைத் தொடும்படி வைத்தால் முளை கருகும். சற்றுத் தள்ளி வையுங்கள்.

அறுவடையில் தட்டையை அடியோடு வெட்டாமல் அரை மீட்டர் உயரம் விடுவது நல்லது. எருவோடு வந்த விதைகளிலிருந்து குழிகளில் மரக்கன்றுகள் முளைத்திருக்கும். அறுவடைக்குப் பின் ஊர் மாடுகள் வயலில் இறங்கும்போது, நிற்கும் தட்டைதான் அந்தக் கன்றுகளுக்கு வேலி.