சிவஞான போதம் முதற்சூத்திரம்: வாதமாகப் பிரித்துப் படிக்கும் முறை

கடவுள் உண்டு என்பதற்குச் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் முதற்சூத்திரத்தில் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் வைத்த வாதம் மூன்றே அடி:

அவன் அவள் அதுவெனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்

உரையோடு மனப்பாடம் செய்தால் மட்டும் இது பிடிபடாது. முதலில் சூத்திரத்தை மூன்று மேற்கோளாக, அதாவது நிறுவ வேண்டிய கூற்றாக, பிரித்து எழுதுங்கள். மெய்கண்டாரின் வார்த்திகமே (சூத்திரத்துக்கான சுருக்க உரை) மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்ற வரிசையில்தான் போகிறது. சிவஞான முனிவரின் விரிவுரையான மாபாடியத்தை அப்புறம் திறக்கலாம். மறுப்பு, அதற்கு மறுப்பு என்று அது விரியும்போது மூல வாதம் கண்ணில் படாது.

முதல் மேற்கோள்: சுட்டிக் காட்டக்கூடிய உலகம் தோன்றும், நிற்கும், ஒடுங்கும். இரண்டாவது: அது ஒடுங்கிய இடத்திலிருந்தே மீண்டும் தோன்றும். மூன்றாவது: ஒடுக்குபவனே முதல்வன்.

ஒவ்வொன்றின் கீழும் ஏதுவை எழுதுங்கள். இரண்டாவதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு ஏது இரண்டு. இல்லாதது தோன்றாது என்பது ஒன்று, இது சற்காரியவாதம், அதாவது காரியம் (விளைவு) அதன் காரணத்தில் முன்பே உள்ளது என்ற கொள்கை. உள்ளதும் செய்பவன் இல்லாமல் காரியப்படாது என்பது மற்றொன்று. பலரும் இவற்றைக் கலந்துவிடுகிறார்கள். முதல் ஏதுவிலிருந்து கிடைப்பது முதற்காரணம், அதாவது உலகின் மூலப்பொருளான மாயை; குடத்துக்கு மண் போல. கடவுளை ஏற்காத சாங்கியரும் இதுவரை கூடவே வருவார்கள். இரண்டாவது ஏதுதான் நிமித்த காரணத்தை, குயவனை, உள்ளே கொண்டுவருகிறது. சக்கரமும் கோலும் துணைக்காரணம்; இறைவனுக்கு அந்த இடத்தில் அவனது ஆற்றலான சத்தி.

அடுத்து ஏதுப்போலி சோதனை, அதாவது ஏது போலத் தோன்றும் பிழையான ஏதுவைக் கண்டுபிடிப்பது. மணிமேகலையின் 29-ஆம் காதை சொல்லும் அசித்தம் (நிறுவப்படாத ஏது), அநைகாந்திகம் (எதிர்ப்பக்கத்துக்கும் பொருந்தும் ஏது), விருத்தம் (எதிரானதையே நிறுவும் ஏது) ஆகிய மூன்றும் போதும். முதலில் மாட்டுவது முதல் மேற்கோள்தான். மரம் அழிகிறது, உடல் அழிகிறது. அதனால் உலகம் முழுவதும் அழியும் என்று எப்படிச் சொல்வது? காட்சியை மட்டும் நம்பும் உலகாயதரும் வேதச் சடங்கை முதன்மையாகக் கொண்ட மீமாஞ்சகரும் பிடிப்பது இந்த இடத்தைத்தான். ‘பகுதிகள் அழிகின்றன’ என்பதை மட்டும் ஏதுவாக வைத்தால் வாதம் நிற்காது. ‘பகுக்கக்கூடியது, அறிவற்றது, ஆகவே காரியம்’ என்று ஏதுவை மாற்றி வையுங்கள். அப்போது மொத்த உலகமும் அதற்குள் வரும். சற்காரியவாதத்தையே ஏற்காத பௌத்தரிடம் இதுவும் செல்லாது. அவரோடு முதலில் அதைப் பேசி முடிக்க வேண்டும்.

‘அப்படியென்றால் கடவுளைப் படைத்தது யார்?’ என்ற கேள்வி இங்கே பொருந்தாது. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று சூத்திரம் சொல்லவில்லை. தோன்றல், நிற்றல், ஒடுங்கல் என்ற மூவினைக்கு உட்பட்டதற்கே காரணம் கேட்கிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உயிரும் மாயையும் தொடக்கமில்லாதவை. ஆகவே ஒன்றுமில்லாததிலிருந்து படைப்பவர் இந்த வாதத்தில் கிடைக்கமாட்டார். ‘மலத்து’ (மலம் என்பது உயிரைப் பிணித்திருக்கும் மாசு) என்ற சொல் ஏன் மீண்டும் தோற்றுவிக்கிறான் என்பதற்கு விடை. அதை முன்வாக்கியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மலம் பின்னால்தான் நிறுவப்படுகிறது.

கடினமான மறுப்பு வைணவ ஆசாரியர் இராமானுசருடையது. பிரம்ம சூத்திரம் 1.1.3-க்குத் தம் உரையான ஸ்ரீபாஷ்யத்தில், உலகம் காரியம் என்றே வைத்துக்கொண்டாலும் அதை ஒரே காலத்தில் ஒருவனே செய்தான் என்பதற்கு அனுமானத்தில் இடமில்லை, சாத்திரமே பிரமாணம் என்கிறார். குயவன் உவமையில் தொங்கிக்கொண்டிருப்பவர் இங்கே விழுந்துவிடுவார், ஏனென்றால் கோபுரத்தைக் கட்டியவர்கள் பலர். மெய்கண்டார் பக்கத்திலிருந்து பதில் சொல்ல வேண்டுமானால் செய்தவனை விட்டுவிட்டு ‘அந்தம் ஆதி’க்கு, அதாவது ஒடுக்குபவனே முதல்வன் என்ற மேற்கோளுக்கு, போக வேண்டும். ஒடுக்குபவர் பலர் என்றால் அவர்களும் இவர், அவர் என்று சுட்டப்படுவார்கள். சுட்டப்பட்டால் முதல் அடியின் ‘அவை’க்குள் வந்து ஒடுங்கவும் வேண்டும். எல்லாம் ஒடுங்கியபின் எஞ்சுவதைச் சுட்டவும் எண்ணவும் முடியாது. பன்மையை மறுக்க இது போதும் என்றே படுகிறது. உடலில்லாமல் எப்படிச் செய்வான் என்ற கேள்விக்கு இது விடையல்ல.

முதற்சூத்திரத்தை மட்டும் வைத்து அன்பே சிவம் வரை இழுக்க வேண்டாம். சிவன் என்ற பெயர்கூட இதில் இல்லை. ‘சிவசத்து’ என்று அது வருவது ஆறாம் சூத்திரத்தில்.