ஓவர்ஃப்ளோவும் சம்ப்பும்: தண்ணீர் மட்டத்தைச் சரிக்கட்டும் முறை

சம்ப் (மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டல் தொட்டி) வைத்து மீன் தொட்டி கட்டுகிறவர்களை முதலில் குழப்புவது, மேலே ஏறும் தண்ணீரையும் கீழே இறங்கும் தண்ணீரையும் எப்படி ஒரே அளவாக வைப்பது என்பதுதான். அதற்காக மெனக்கெடவே வேண்டாம். தொட்டிக்குள் இருக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்பைத் தாண்டி அதற்குள் விழும் தண்ணீர் மட்டும்தான் குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்கும். மோட்டார் ஏற்றும் அளவுதான் விளிம்பைத் தாண்டும். இறங்குகிற குழாய்க்கு மோட்டாரைவிடக் கூடுதல் திறன் இருந்தால் போதும், ஏற்றமும் இறக்கமும் தானாகவே சமமாகிவிடும். மேலே ஏற்ற ஒன்று, கீழே இறக்க ஒன்று என்று இரண்டு மோட்டார் போடும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவே ஓடாது. மணிக்கு 20 லிட்டர் வித்தியாசம் வந்தாலும் விடிவதற்குள் தரை நனைந்துவிடும்.

உதாரணத்துக்கு 4 அடி தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 120×45×45 செ.மீ., ஏறக்குறைய 240 லிட்டர். கீழே 75×35×35 செ.மீ. சம்ப், அதில் மோட்டார் இருக்கும் அறை 25×35 செ.மீ. தொட்டியின் மூலையில் 20×15 செ.மீ. ஓவர்ஃப்ளோ பெட்டி. உங்கள் அளவு வேறாக இருந்தால் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மோட்டார்

சம்ப் வழியாக மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 4 அல்லது 5 மடங்கு தண்ணீர் போய்வந்தால் போதும். இந்தத் தொட்டிக்கு அது 1000 முதல் 1200 லிட்டர். 10 மடங்கு ஓட்டினால் வடிகட்டல் கூடுவதைவிடச் சத்தமும் குமிழியும்தான் கூடும். மோட்டார் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, கொஞ்சமும் உயரம் ஏற்றாதபோது வரும் அளவு. சம்ப் மட்டத்திலிருந்து தொட்டி விளிம்புவரை 110 செ.மீ. ஏற்ற வேண்டியிருக்கும்போது, 3 மீட்டர் வரை தள்ளக்கூடிய 2500 லிட்டர் மோட்டாரில் ஏறக்குறைய பாதிதான் மேலே வந்து சேரும். ஊகிக்காமல் அளந்துவிடுவது நல்லது: ரிட்டர்ன் குழாயை (மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாய்) தொட்டி விளிம்பின் உயரத்தில் பிடித்து 10 லிட்டர் வாளியை நிரப்புங்கள். 30 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1200 லிட்டர்.

கூடுதலாக வந்தால் மோட்டாரின் வெளியேறும் பக்கத்தில் ஒரு வால்வ் வைத்துக் குறைக்கலாம். டிசி மோட்டாராக இருந்தால் கண்ட்ரோலரிலேயே குறைத்துவிடலாம். உறிஞ்சும் பக்கத்தை மட்டும் அடைக்கக் கூடாது. மோட்டார் திணறும், காற்றை இழுக்கும்.

இறங்கும் குழாய்

ஒற்றைக் குழாய் வேண்டாம். பெட்டிக்குள் இரண்டு 1 அங்குலக் குழாய்கள் வைத்துக் கட்டும் முறைதான் சத்தமும் இல்லாதது, பாதுகாப்பும் கூடியது. முதல் குழாய் காற்றே இல்லாமல் முழுக்கத் தண்ணீரால் நிறைந்து இறங்கும் சைஃபன். அதில் ஒரு கேட் வால்வ். இரண்டாவது அவசரக் குழாய். அதில் எந்த வால்வும் இருக்கக் கூடாது. அவசரக் குழாயின் வாய் பெட்டி விளிம்புக்கு 5 செ.மீ. கீழே இருக்கட்டும். சைஃபன் குழாயின் வாய் அதற்கும் 15 செ.மீ. கீழே, சல்லடை மூடியுடன்.

கேட் வால்வ்தான் வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பால் வால்வ் கால் சுற்றில் முழுக்கத் திறந்து மூடிவிடும்; அதில் நூலிழை அளவு திருப்ப முடியாது. கேட் வால்வ் பல சுற்றுகள் சுற்றும், நின்ற இடத்தில் நிற்கும். அதைச் சம்ப்புக்குப் பக்கத்தில், தாழ்வாகப் பொருத்துங்கள். கழற்றிக் கழுவ வசதியாக ஒரு யூனியனும் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) சேருங்கள். 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி எல்போ போட்டால் ஓட்டம் அவ்வளவாகத் தடைபடாது.

குழாயின் கீழ்முனை விஷயத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். சைஃபன் குழாயின் முனை சம்ப் தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கினால் போதும். 10 செ.மீ. மூழ்கவிட்டால், மோட்டாரை மீண்டும் போடும்போது குழாயிலிருக்கும் காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது. அவசரக் குழாயின் முனை தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும். அதில் நிறையத் தண்ணீர் கொட்டும் சத்தம்தான் உங்களுக்கு எச்சரிக்கை மணி.

கண்ணாடியில் துளை போடும் முன், துளையில் குழாயைப் பொருத்தும் டேங்க் நிப்பிளைக் கையில் வாங்கி அளந்துகொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வெளிவிட்டம் மாறும். டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியில் துளை போட்டால் நொறுங்கிவிடும். நிப்பிளின் ரப்பர் வாஷர் தொட்டியின் உட்பக்கம் வர வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, அதன்பின் கால் சுற்று மட்டும்.

வால்வைச் சரிக்கட்டுதல்

கேட் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள். கடகடவென்று காற்றை உறிஞ்சும் சத்தம் வரும். குழாயின் திறன் மோட்டாரைவிட அதிகம் என்பதற்கு அதுவே அடையாளம். இனி வால்வை அரைச் சுற்று, கால் சுற்றாக மூடிக்கொண்டே வாருங்கள். பெட்டிக்குள் மட்டம் உயர்ந்து சைஃபன் வாயை மூடியதும் சத்தம் சட்டென்று அடங்கும். அங்கிருந்து மிகச் சிறிய திருப்பல்கள்தான். ஒவ்வொரு திருப்பலுக்குப் பின்னும் 10 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மட்டம் நின்று நிலைக்க அவ்வளவு நேரமாகும். பொறுமையில்லாமல் திருப்பிக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கப் பிடிபடாது.

அவசரக் குழாயில் ஒரு சொட்டும் போகக் கூடாது என்பவர்கள் உண்டு. அதில் விரல் கனத்துக்கு மெல்லிய ஓட்டம் இருப்பதே மேல். மோட்டாரின் வேகம் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ அந்த மெல்லிய ஓட்டம் அதை ஏற்றுக்கொள்ளும். நீங்கள் வால்வைத் தொட வேண்டியிருக்காது. ஓட்டம் குழாயின் உட்சுவரை ஒட்டி வழிவதால் சத்தமும் வராது.

கரண்ட் போனால்

மோட்டார் நின்றதும் மூன்று இடங்களிலிருந்து தண்ணீர் இறங்கும். தொட்டியில் பெட்டி விளிம்புக்கு மேல் நிற்கும் சுமார் 1 செ.மீ.; பெட்டிக்குள் இருப்பது; ரிட்டர்ன் குழாய் தலைகீழாகச் சைஃபன் ஆகி இழுப்பது. ரிட்டர்ன் வாயை எவ்வளவு ஆழத்தில் வைத்திருக்கிறீர்களோ அந்த மட்டம்வரை தொட்டி காலியாகும். அது 20 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 100 லிட்டருக்கு மேல் கீழே வரும். சம்ப்பின் மொத்தக் கொள்ளளவே 92 லிட்டர்தான். எனவே வாயைப் பெட்டி விளிம்பு மட்டத்துக்கு 2 செ.மீ. கீழேயே நிறுத்துங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 4 மி.மீ. துளை ஒன்றும் போடுங்கள். மட்டம் இறங்கியதும் அதன் வழியாகக் காற்று புகுந்து சைஃபனை முறிக்கும். துளையில் பாசி அடைக்கும், வாரம் ஒருமுறை குத்திவிட வேண்டும். என்ஆர்வி வால்வை (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வ்) நம்பி இதை விட்டுவிடாதீர்கள். ஒரு நத்தை ஓடு, ஒரு மணல் துகள் மாட்டினாலே அது முழுக்க மூடாது.

நம் உதாரணத்தில் தொட்டியிலிருந்து 3 செ.மீ. இறங்கினால் 15 லிட்டர், பெட்டியிலிருந்து 4.5 லிட்டர், குழாய்களில் 1 லிட்டர். ஆக ஏறக்குறைய 21 லிட்டர். சம்ப்பின் அறைகளைப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடிகள் 22 செ.மீ. உயரம், மோட்டார் அறையின் மட்டம் 18 செ.மீ. என்றால், முதல் 3.5 லிட்டரில் அந்த அறை நிறையும். மீதி 17.5 லிட்டர் சம்ப் முழுவதும் பரவி மட்டத்தை 29 செ.மீ.க்கு ஏற்றும். 35 செ.மீ. சம்ப்பில் 6 செ.மீ. மிச்சம். இது போதும். ஓடும்போதே சம்ப்பை 30 செ.மீ. வரை நிரப்பி வைத்திருந்தால் கரண்ட் போன நிமிடமே வழிந்துவிடும்.

மீனை விடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலில் ஸ்விட்சை அணைத்து, இறங்குவதெல்லாம் இறங்கிய பின் சம்ப்பின் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அணைத்த நிலையில் அந்தக் கோட்டைத் தாண்டி ஒருபோதும் நிரப்பக் கூடாது. திரும்ப ஸ்விட்சைப் போட்டால், யாரும் வால்வைத் தொடாமலே இரண்டு மூன்று நிமிடத்தில் சத்தம் அடங்க வேண்டும். அடுத்து, மோட்டார் ஓடும்போதே கேட் வால்வை முழுக்க மூடுங்கள். அவசரக் குழாய் ஒன்றே எல்லாத் தண்ணீரையும் இறக்கித் தொட்டி மட்டத்தை நிறுத்த வேண்டும். கடைசியாக, அவசரக் குழாயின் வாயையும் துணியால் அடைத்துவிட்டு மோட்டார் அறை காலியாகும்வரை ஓட்டுங்கள். 18 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ. வரை இறங்கினால் 10.5 லிட்டர், தொட்டியில் அது 2 செ.மீ. ஏற்றம். ஓடும் மட்டத்துக்கு மேல் தொட்டியில் 3 செ.மீ. காலியிடம் இருந்தால் ஒரு சொட்டும் வெளியே போகாது. இடம் போதவில்லை என்றால் மோட்டார் அறையைச் சிறிதாக்க வேண்டும், அல்லது மோட்டாரை உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும்.

பிறகு மட்டம் மாறினால்

சில வாரம் அமைதியாக ஓடிய அமைப்பில் திடீரென்று சத்தம் கேட்டால் கை முதலில் வால்வுக்குத்தான் போகும். அதற்கு முன் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். மட்டம் உயர்ந்து அவசரக் குழாயில் நிறையத் தண்ணீர் போனால், சைஃபன் பக்கம் அடைப்பு: சல்லடையில் இலை, வால்வுக்குள் நத்தை அல்லது பாசி. வால்வை முழுக்கத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டால் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். திறக்கும் முன் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டால் பழைய இடத்துக்குத் திரும்புவது சுலபம். மட்டம் தாழ்ந்து காற்றை உறிஞ்சினால் குற்றம் மோட்டாருடையது. போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இம்பெல்லரில் (மோட்டாருக்குள் சுழலும் இறக்கை) வெள்ளை உப்பு படிந்து ஓட்டம் குறையும். வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிப் போட்டால் மட்டம் பழைய இடத்துக்கே வரும்.

ஆவியாகும் தண்ணீரின் குறைவு தொட்டியில் தெரியாது, மோட்டார் அறையில்தான் தெரியும். அங்கே மட்டம் தாழ்ந்தால் மோட்டார் காற்றைச் சேர்த்து இழுக்கும், தொட்டி முழுக்கப் பொடிக் குமிழியாக இருக்கும். ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்துக்கும் ஒரு கோடு போட்டு, தினமும் அதுவரை ஊற்றுங்கள். கடல்நீர்த் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் உப்புக் கலக்காத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மட்டம் குறைந்ததும் தானாகத் திறக்கும் ஃப்ளோட் வால்வ் மாட்டுவதானால் அதை மாடித் தொட்டிக் குழாயோடு இணைக்காமல், 10 லிட்டர் கேனோடு இணையுங்கள். மிதவை சிக்கிக்கொண்டாலும் அந்த 10 லிட்டருக்கு மேல் வராது. அணைத்த நிலையில் போட்ட கோட்டுக்கு மேலே அந்த 10 லிட்டருக்கும் சம்ப்பில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேனை வையுங்கள். இந்தச் சம்ப்பில் அது 4 செ.மீ. உயரம்.