பழைய டூரிங் பைக்: கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

இருபது, முப்பது வயதான பெரிய டூரிங் பைக்குகளில் எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் மக்கர் பண்ணாது. நெடுந்தூரம் நிதானமாக ஓட வேண்டும் என்றே செய்தவை. கெட்டுப்போவது அதைச் சுற்றியிருக்கும் ரப்பர், வயர், கனெக்டர், சீல் எல்லாம்தான். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்தால் வாங்குகிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பத்து வருடம் ஷெட்டில் மூடிக் கிடந்த வண்டியைவிட, வாராவாரம் ஓடிக்கொண்டிருந்த வண்டிமேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அப்படி ஒரு வண்டியைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கான பதிவு இது. எஞ்சினைப் பிரிக்கும் வேலை எதுவும் இதில் இல்லை. எதை முதலில் பார்ப்பது, வண்டி படுத்துக்கொண்டால் கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இவ்வளவுதான்.

படி 1: கையில் என்னென்ன வேண்டும்

உங்கள் மாடலுக்கும் அந்த ஆண்டுக்கும் உரிய சர்வீஸ் மேனுவல். கீழே நான் தரும் அளவுகள் பொதுவானவை. மேனுவலில் வேறு இருந்தால் அதுதான் சரி. அடுத்து ஒரு மல்டிமீட்டர். விலை உயர்ந்தது வேண்டாம். டிசி வோல்ட், ஏசி வோல்ட், ஓம் மூன்றும் ஒழுங்காகக் காட்டினால் போதும்.

ஸ்க்ரூடிரைவரில் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய ஜப்பானிய வண்டிகளில் ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறி இருக்கும், ஆனால் அது சாதாரண ஃபிலிப்ஸ் இல்லை, ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வடிவம். பல ஸ்க்ரூக்களில் அடையாளமாகச் சின்னப் புள்ளி ஒன்றும் இருக்கும். ஃபிலிப்ஸ் முனையை வைத்துத் திருகினால் அது மேலே ஏறி நழுவி, தலை மழுங்கிவிடும். கார்புரேட்டரைத் திறக்கப்போய் ஸ்க்ரூவைத் துளைபோட்டு எடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஒரு ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஸ்டார்ட் பட்டனைத் தொடுவதற்கு முன்

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் முதலில் எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். அளவு இருக்க வேண்டியதைவிட மேலே ஏறியிருக்கிறதா? ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? அப்படியென்றால் டேங்கின் பெட்ரோல் காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஃப்ளோட் நீடில் இரண்டும் கசிந்து, பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் செல்ஃபை அழுத்தினால் பிஸ்டன் மேலே வரும்போது திரவம் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பெட்ரோலை வெளியேற்றுங்கள். பெட்ரோல் பீச்சியடிக்கும், பக்கத்தில் நெருப்பும் பொறியும் கூடாது. ஆயிலை மாற்றிவிட்டு, பெட்ரோல் காக், நீடில் இரண்டையும் சரிசெய்த பிறகே மற்றதெல்லாம்.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பெட்ரோலை முழுவதுமாக வடித்துவிடுங்கள்.

படி 3: வயதானால் கெடும் ரப்பர்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரானது. மூன்றே இலக்கம்தான் இருக்கிறதா? அந்த டயர் 2000க்கு முன்னால் செய்தது. டயர் பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

டைமிங் பெல்ட்டை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 1975இல் வந்த ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1000, அதன் பின் வந்த 1100, 1200 எல்லாவற்றிலும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். முந்தைய ஓனர் "மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. தேதியோடு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். லீவரை அழுத்தும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது. சக்கரம் இறுகியே நிற்கும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, அந்தச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக்கைப் பிடித்து லீவரை விட்ட பிறகும் இறுக்கமாக இருந்தால், காலிப்பரின் ப்ளீட் நிப்பிளை (பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றும் திருகு) கொஞ்சம் தளர்த்துங்கள். அப்போதும் இறுக்கம் போகவில்லையா, பிஸ்டன் துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கிறது. தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று அர்த்தம்: ஒன்று ஹோஸ், இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் ஊசித்துளை அடைத்திருக்கிறது. எது என்று தெரிய, அடுத்த முறை சக்கரம் பிடிக்கும்போது நிப்பிளுக்குப் பதிலாக மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸை மாட்டியிருக்கும் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். அங்கேயே விடுபட்டால் மாஸ்டர் சிலிண்டர், இல்லையென்றால் ஹோஸ். போல்ட்டைத் தளர்த்தினால் காற்று புகும். மறுபடி ப்ளீட் செய்யாமல் ஓட்டக்கூடாது. சிந்தும் பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். மேனுவல் டாட் 4 என்றால் டாட் 4தான். பேர் ஒத்துப்போகிறதே என்று டாட் 5 ஊற்றாதீர்கள், அது சிலிக்கான்.

படி 4: சார்ஜிங் சிஸ்டம்

பழைய டூரிங் பைக்கைச் சாலையோரம் நிறுத்துவதில் முதலிடம் இதற்குத்தான். பேட்டரி இறங்கியதும் புது பேட்டரி, அதுவும் இறங்கினால் ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துவது), அப்புறம் ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் காயில்) என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார்கள். ஜிஎல்1000 முதல் ஜிஎல்1200 வரையிலான கோல்ட் விங்குகளில் ஸ்டேட்டர் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது; அதை மாற்ற எஞ்சினையே சட்டத்திலிருந்து இறக்க வேண்டும். சும்மா சந்தேகத்தின் பேரில் செய்கிற வேலையா அது? கால் மணி நேரம் மீட்டரை வைத்தால் விடை கிடைத்துவிடும்.

முதலில் பேட்டரி. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. வெளியே சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றச் சோதனைகள். இனி மீட்டரை எடுக்காமலே செல்ஃபை அழுத்துங்கள். அளவு 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. 12க்கு மேலேயே நின்று, 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி மேல் பழியில்லை, சோலனாய்டையோ (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) தடித்த கேபிளையோ பாருங்கள். சத்தமே இல்லையென்றால் கில் சுவிட்ச், நியூட்ரல், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். கில் சுவிட்சைச் சொல்லும்போது சிரிப்பீர்கள். பரவாயில்லை, முதலில் அதைப் பாருங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரைத் திருகி 3000 முதல் 4000 ஆர்பிஎம் வரை ஏற்றி, பேட்டரி முனையில் அளவு பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது, அல்லது அதற்கு வோல்ட்டேஜைச் சொல்லும் வயரில் தடை இருக்கிறது. 12.5இலேயே கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை.

ஏறவில்லை என்றால் உடனே பாகங்களுக்குப் போகாதீர்கள், கனெக்டர்களுக்குப் போங்கள். ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று வயர், பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் மூன்றுமே மஞ்சள், ஒரு பிளாஸ்டிக் கனெக்டரில் சேரும். அதைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக், ஒரு பின்னைச் சுற்றி மட்டும் காப்பி நிறத்தில் கருகி, அந்த இடம் இளகி வளைந்திருக்கும். பின் மேல் பச்சைக் களிம்பு. வயரைத் தொட்டால் விறைப்பாக, முறிந்துவிடுவதுபோல் இருக்கும். கனெக்டரை வெட்டிவிட்டு மூன்று வயரையும் சால்டர் செய்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

தீரவில்லையா? எஞ்சினை அணைத்து, அந்த மூன்று வயரையும் ரெகுலேட்டரிலிருந்து பிரித்தே வைத்து, மீட்டரை ஓமில் போடுங்கள். ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே இணைப்பு இருக்கவே கூடாது. இருந்தால் ஸ்டேட்டர் எரிந்து எர்த் ஆகியிருக்கிறது. இல்லையென்றால் எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை ஏசிக்கு மாற்றி, இரண்டிரண்டு வயராக மூன்று ஜோடியையும் ஒரே ஆர்பிஎம்மில் அளக்கவும். அதிக ஆர்பிஎம்மில் 50 வோல்ட்டையும் தாண்டும், விரல் படக்கூடாது. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக, மேனுவல் சொல்கிற அளவில் இருந்தால் ஸ்டேட்டர் நன்றாக இருக்கிறது, ரெகுலேட்டர்மேல் சந்தேகப்படலாம். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் ஸ்டேட்டர்தான்.

ரெகுலேட்டரை வாங்கும் முன் கடைசியாக ஒரு அளவு. கனெக்டரை மாட்டி, எஞ்சினை 3000இல் வைத்து, ஹெட்லைட் எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை ரெகுலேட்டரின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு மோசம். அதேபோல் பாசிட்டிவ் பக்கமும். இரண்டு பக்கமும் துரு சுரண்டிப் புது எர்த் வயர் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பழைய பிஎம்டபிள்யூ காற்றுக்குளிர் பாக்ஸர்களில் (சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் நீட்டியிருக்கும் வண்டிகள்) அமைப்பே வேறு. அங்கே ஆல்டர்னேட்டரின் ரோட்டருக்கு ஆரம்ப மின்சாரம் போவது வண்டியின் மீட்டர் போர்டில் எரியும் சார்ஜ் பல்ப் வழியாக. பல்ப் ஃப்யூஸ் போனால் சார்ஜ் ஏறுவதே நின்றுபோகலாம். சாவி போட்டதும் அந்தப் பல்ப் எரிகிறதா என்று பார்ப்பதுதான் அவற்றில் முதல் சோதனை.

இன்னொன்று, முந்தைய ஓனர் மாட்டியவை. 55 வாட் ஃபாக் லைட் இரண்டு போட்டால் 110 வாட். ஏறத்தாழ 9 ஆம்பியர். சார்ஜிங் சரியாக இருந்தும் மெதுவாக ஓடும்போது பேட்டரி இறங்கினால், காரணம் இதுவாக இருக்கலாம்.

படி 5: வழியில் நின்றுவிட்டால்

எப்படி நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் மின்சாரம். இருமி, இழுத்து, தள்ளாடி நின்றால் பெட்ரோல்.

கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, இழுத்து நின்று, சற்று நேரத்தில் தானாகச் சரியாகிறதா? நின்ற அந்த நிமிடமே டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் முடிந்தது வேலை.

எஞ்சின் சூடானதும் பட்டென நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது என்றால், இக்னிஷன் காயில் அல்லது பிக்கப் காயில் (பொறி எப்போது வர வேண்டும் என்று உணர்த்துவது). ஆறவிட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும். சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி, அதன் உடலை எஞ்சினில் ஒட்டிப் பிடித்து, பெட்ரோல் சிந்தாத இடத்தில், பொறி வருகிறதா என்று பாருங்கள்.

சோக் இழுத்தால்தான் ஓடும், தள்ளினால் நின்றுவிடும் என்றால் கார்புரேட்டரின் பைலட் ஜெட் (குறைந்த வேகத்தில் பெட்ரோல் தரும் சின்னத் துளை) அடைப்பு. அது வழியில் செய்கிற வேலை இல்லை, மெதுவாக வீட்டுக்கு ஓட்டிவிடுங்கள்.

நெடுவழியில் சார்ஜிங் முழுவதுமாகச் செத்துப்போனாலும் வண்டியை அங்கேயே விட்டுவர வேண்டியதில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அணைக்காதீர்கள். ஃபாக் லைட், போன் சார்ஜர், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பகலாக இருந்து சட்டமும் இடம் கொடுத்தால் ஹெட்லைட் ஃப்யூஸையும் எடுத்துவிடுங்கள். இக்னிஷனுக்கு 5 ஆம்பியர் என்று வைத்தால், நிறைந்த 20 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படி 4 மணி நேரம் தாங்கும். பழைய பேட்டரி, இடையில் ஓடும் ரேடியேட்டர் ஃபேன், பிரேக் லைட் எல்லாம் சேர்ந்தால் அதில் பாதியை மட்டும் நம்புங்கள். வீடு அதைவிடத் தூரம் என்றால், வழியில் சார்ஜர் கிடைக்கும் இடத்தில் நிறுத்தி பேட்டரியை ஏற்றிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.