உள்ளூர் போலீஸ், ஷெரிப், ஐஸ்: அமெரிக்கக் குடியேற்றச் செய்திகளை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர் மாவட்டங்களில் வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் அதிகாரி பெரும்பாலும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்தான். விசா முடிந்தும் தங்கியிருப்பவரைப் பிடிப்பதும் அதே போலீஸ்தான். இந்தப் பழக்கத்தோடு அமெரிக்கச் செய்திகளை வாசிக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. அங்கே நகரப் போலீஸ் நகர நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டது. நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியான கவுன்டியின் ஷெரிப் பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆள். கவுன்டி சிறையும் அவர் கையில்தான். குடியேற்ற அமலாக்கமோ, 2003-இல் உருவான 'ஐஸ்' என்னும் ஃபெடரல், அதாவது மத்திய அரசு, அமைப்பின் வேலை. இந்த மூவரும் ஒரே படையின் மூன்று பிரிவுகள் என்று நினைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளைக்கின்றன.

முதலில், ஐஸுக்கு உள்ளூர் போலீஸ் தரும் 'ஒத்துழைப்பு' என்பதை உண்டு, இல்லை என்று இரண்டே பதிலில் அடக்கிவிடுவது. உண்மையில் அதற்குப் பல படிகள் உண்டு. கீழ்ப்படி, கைரேகை. எந்தச் சிறையிலும் கைதியின் கைரேகை எஃப்.பி.ஐ.க்குப் போகும்; அங்கிருந்து தானாகவே ஐஸின் தாய்த்துறையான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போய்விடும். 2008-இல் தொடங்கிய இந்த ஏற்பாடு 2013-க்குள் நாடு முழுவதும் பரவியது. நடுவில் பெயர் மாறியது, மறுபடியும் பழைய பெயருக்கே திரும்பியது. கைரேகை போவது மட்டும் நிற்கவே இல்லை. அடுத்த படி, ஒரு கைதி எப்போது வெளியே வருகிறார் என்று ஐஸுக்குத் தகவல் சொல்வது. அதற்கும் மேலே, ஐஸ் வந்து அழைத்துப்போகும் வரை அவரைக் கூடுதலாகப் பிடித்துவைப்பது. உச்சியில், உள்ளூர் அதிகாரிக்கே குடியேற்ற அதிகாரியின் பொறுப்பைக் கொடுப்பது.

'சரணாலய நகரம்' என்று செய்திகளில் வரும் ஊர்கள் பெரும்பாலும் மேல் படிகளைத்தான் மறுக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவிலோ சிகாகோவிலோ ஐஸ் நுழைய முடியாது என்று நம்புபவர்கள் ஏராளம். ஐஸ் தாராளமாக நுழையலாம், கைதும் செய்யலாம். நகரப் போலீஸ் அதற்குத் துணை போகாது, அவ்வளவே. கலிபோர்னியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம்கூட ஒத்துழைப்பை முழுவதும் தடுக்கவில்லை. கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களைப் பற்றித் தகவல் சொல்ல அது வழிவிடுகிறது. இன்னொன்று: இதெல்லாம் இடதுசாரிகளின் நேற்றைய கண்டுபிடிப்பு என்பதும் தவறு. ஒருவரின் குடியேற்ற நிலையை அறிவதற்காகவே விசாரணையில் இறங்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் போலீசுக்கு 1979-இல் உத்தரவு போட்டவர் அதன் அப்போதைய தலைவர் டேரில் கேட்ஸ். அவரை மென்மையானவர் என்று யாரும் சொன்னதில்லை. புகார் கொடுக்கவும் சாட்சி சொல்லவும் ஆள் வராவிட்டால் குற்றத்தைத் துப்பறிய முடியாது என்பது ஒரு போலீஸ்காரரின் கணக்கு.

அடுத்த தவறு இன்னும் ஆழமானது. 'டிடெய்னர்' என்றதும் நீதிமன்ற ஆணை என்று எடுத்துக்கொள்கிறோம். அது ஐஸ் அதிகாரி ஒருவர் சிறைக்கு அனுப்பும் வேண்டுகோள்: இவரை விடுவிக்கும் நேரம் வந்தபிறகும் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள் என்பதே அதன் சாரம். உடன் வரும் வாரண்டிலும் நீதிபதியின் கையெழுத்து இருக்காது. அதுவும் குடியேற்ற அதிகாரி ஒப்பமிட்டதே. இந்த வேறுபாடு சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. பென்சில்வேனியாவின் லீஹை கவுன்டி சிறையில், ஜாமீன் கட்டிய பிறகும் டிடெய்னரின் பேரில் பிடித்துவைக்கப்பட்டவர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமகன். அவர் தொடர்ந்த வழக்கில், டிடெய்னர் வெறும் வேண்டுகோள், கட்டளை அல்ல என்று 2014-இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் பிடித்துவைத்த பழி யாருக்கு? கேட்டவருக்கு மட்டுமல்ல, கேட்டபடி செய்த கவுன்டிக்கும்தான். அதே ஆண்டு ஓரிகன் மாநிலத்தின் கிளாக்கமஸ் கவுன்டி, டிடெய்னரை மட்டும் நம்பி ஒரு பெண்ணைச் சிறையில் வைத்திருந்தது அரசியல் சட்ட மீறல் என்று இன்னொரு ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. பல ஷெரிப்புகள் அதன்பின் டிடெய்னர்களை ஏற்க மறுத்ததற்கு அரசியலைக் காட்டிலும் நஷ்டஈட்டு பயமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-இல் இன்னும் ஒரு படி போனது: டிடெய்னரை மட்டும் வைத்து ஒருவரைப் பிடித்துவைக்க அந்த மாநிலச் சட்டம் தன் அதிகாரிகளுக்கு அதிகாரமே தரவில்லை என்றது.

வாஷிங்டன் கட்டளையிட்டால் மாநிலம் செய்தே ஆக வேண்டாமா என்று கேட்பவர்கள் 1997-ஐப் பார்க்க வேண்டும். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரிப்புகள் சோதிக்க வேண்டும் என்றது ஒரு ஃபெடரல் சட்டம். மொன்டானாவிலும் அரிசோனாவிலும் இரண்டு ஷெரிப்புகள் முடியாது என்று வழக்குப் போட்டார்கள்; உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். மாநில அதிகாரிகளைத் தன் வேலையாட்களாக ஃபெடரல் அரசு இழுத்துக்கொள்ள முடியாது என்பது அன்று பழமைவாதிகள் கொண்டாடிய தீர்ப்பு. இன்று கலிபோர்னியாவும் சிகாகோவும் நிற்பது அதே தீர்ப்பின் நிழலில்தான். ஆனால் இந்தப் பாதுகாப்பு ஃபெடரல் அரசுக்கு எதிராக மட்டுமே. தன் சொந்த மாநில அரசை எதிர்த்து ஒரு நகரம் இதைக் காட்ட முடியாது. டெக்சாஸ் 2017-இல் தன் நகரங்களும் கவுன்டிகளும் டிடெய்னர்களை மதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. நீதிமன்றமும் அதன் பெரும்பகுதியை ஏற்றது. டெக்சாஸின் தலைநகரைக் காட்டி 'ஆஸ்டின் மறுக்கலாமே' என்று எழுதுபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

உச்சிப் படியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996-இல் குடியேற்றச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 287(ஜி) பிரிவின் கீழ் ஒப்பந்தம் போட்டுவிட்டால் அந்த ஊரின் ஒவ்வொரு போலீஸ்காரரும் குடியேற்ற அதிகாரி ஆகிவிடுவதில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும், ஐஸின் மேற்பார்வையில்தான் அந்த அதிகாரம். ஒப்பந்தத்திலும் வகைகள் உண்டு. சிறைக்குள் மட்டும் செயல்படுவது ஒன்று, கைதியிடம் குடியேற்ற வாரண்டைச் சேர்ப்பது மட்டும் இன்னொன்று. தெருவிலேயே விசாரிக்க அனுமதிக்கும் மூன்றாவது வகை 2012-இல் கைவிடப்பட்டு 2025-இல் உயிர் பெற்றது. அது ஏன் கைவிடப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள அரிசோனாவின் மாரிகோபா கவுன்டியைப் பார்த்தால் போதும். ஷெரிப் ஜோ அர்பாயோவிடமிருந்து 2009-இல் தெரு அதிகாரத்தையும் 2011 இறுதியில் சிறை ஒப்பந்தத்தையும் ஃபெடரல் அரசே பறித்தது. லத்தீன் இனத்தவரைக் குறிவைத்து வண்டிகளை நிறுத்தினார்கள் என்று 2013-இல் ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் அர்பாயோ 2017-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுத்த மாதமே அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார்.

எல்லைப் பாதுகாப்பு என்றதும் மெக்சிகோ வேலியை மட்டும் நினைப்பதும் தவறு. எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் 100 மைல் வரை எல்லைக் காவல் படைக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. ஃப்ளோரிடா முழுவதும், நியூ ஜெர்சி முழுவதும் அதற்குள் அடக்கம். நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. அதற்காக அங்கே அரசியல் சட்டம் செல்லாது என்று பரப்புவது எதிர்முனைத் தவறு. ரோந்து வாகனம் ஒருவரை நிறுத்தக் குறிப்பான சந்தேகம் வேண்டும், முகத்தோற்றம் மட்டும் போதாது என்பது 1975-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நிரந்தரச் சோதனைச் சாவடிகளில் சந்தேகமில்லாமலே நிறுத்திக் கேட்கலாம் என்றது அடுத்த ஆண்டுத் தீர்ப்பு. லாஸ் ஏஞ்சலஸ் ரோந்துகளுக்குக் கீழ்நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததால், முதல் தீர்ப்பின் வலிமை எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்வி இப்போது திறந்தே கிடக்கிறது.

முறையான விசாவில் இருப்பவர்கள் 'இது நமக்கில்லை' என்று கடந்துபோவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. பதினெட்டு வயதைக் கடந்த வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். கிரீன் கார்டைப் பத்திரமாக வங்கிப் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் நம் குணத்துக்கு அது நேர் எதிர். எச்-1பி-யில் இருப்பவர்களுக்கு, நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவுதான் அந்தச் சான்று. கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. ஆனால் பயத்தில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்று பொய் சொன்னால், பின்னால் கிரீன் கார்டு கனவே நிரந்தரமாக மூடிப்போகலாம். கதவைத் தட்டுபவர் காட்டும் தாளில் நீதிபதியின் ஒப்பம் இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். குடியேற்ற அதிகாரியின் வாரண்டை வைத்துச் சம்மதமில்லாமல் வீட்டுக்குள் வர முடியாது என்பதே நெடுநாள் நடைமுறை. அண்மையில் அரசுத் தரப்பு அதை அசைத்துப் பார்க்கிறது, வழக்குகள் நடக்கின்றன.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஓர் இரவு கவுன்டி சிறையில் இருந்தவர், காலையில் ஜாமீனில் வந்ததும் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார். அவர் கைரேகை அதற்குள் போக வேண்டிய இடங்களுக்குப் போயிருக்கும். தண்டனை கிடைக்காமலே, கைதை மட்டும் வைத்து வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்வது நடைமுறையில் உள்ளது. அந்த நிலையில் ஊருக்கு வந்தால், சென்னைத் துணைத் தூதரகம் போன்ற ஓரிடத்தில் புது விசா வாங்கித்தான் திரும்ப வேண்டும். குற்ற வழக்கில் 'சின்ன அபராதம்தான், ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்' என்று தலையாட்டுவதற்கு முன், அந்த ஒப்புதலால் குடியேற்ற நிலை என்னாகும் என்று வழக்கறிஞரிடம் கேட்டாக வேண்டும். அதை எடுத்துச் சொல்வது அவர் கடமை என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.